அவள் போனதும்

“பார்த்தீங்களா? அவ இருந்தவரைக்கும் பறந்துச்சு. அவ போனதும் நொண்டுது.”

நடராஜன் ஆபீஸ் கணக்கைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியும் மூச்சிரைக்க மாடிப்படி ஏறுவதுபோல் வந்தது. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. போன வாரம்வரை நன்றாகத்தான் இருந்தது.

“மெஷினுக்கு ஆள் தெரியுமா, பாக்கியம்?”

“உங்க மெஷினுக்குத் தெரியுது. அஸ்மா கை பட்டாத்தான் ஓடுது.”

அஸ்மா அவருடைய ஆபீஸில் டைப்பிஸ்ட். கணவன் இறந்துவிட்டான், ஒரு பெண் குழந்தை. ஆபீஸில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறார்கள். திங்கட்கிழமை பரீட்சை. தேறாதவர்களுக்கு வேலை இல்லை. அதனால் சாயங்காலங்களில் காஜா பெராங்கில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்து பழகிவிட்டுப் போவாள்.

நடராஜன் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சொல்லிக் கொடுப்பார். அவர் மனைவி பாக்கியலட்சுமி இருவருக்கும் தேநீர் கொண்டுபோய் வைப்பாள்.

“அஸ்மாவுக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்,” என்பார் அவர். நேற்றும் சொன்னார்.

“எனக்கும் சொல்லிக் குடுங்களேன்,” என்று பாக்கியலட்சுமி ஒருநாள் கேட்டாள்.

“உனக்கா? ரேடியோவையே நான்தான் திருகி வைக்கணும்.”

அவர் சிரித்தார். அஸ்மா சிரிக்கவில்லை. அதுவும் பாக்கியலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. இவள் யார், எனக்காகச் சிரிக்காமல் இருப்பதற்கு?

மறுநாள் முதல், அவர் வேலைக்குப் போனதும் வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரோடு வந்த ஒரு விளையாட்டு. மேலிருந்து எழுத்துகள் விழும்; தரையைத் தொடுவதற்குள் அந்த எழுத்தைத் தட்ட வேண்டும். முதலில் மழையைக் கையால் பிடிப்பதுபோல் இருந்தது. ஒன்றுகூட அகப்படவில்லை. விரல்கள் வெட்கப்பட்டன.

பிறகு எப்படியோ வந்துவிட்டது. இப்போது எழுத்துகள் அவள் விரலுக்காகக் காத்திருந்து விழுந்தன. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அஸ்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து தட்டிக்காட்ட வேண்டும் என்று வைத்திருந்தாள்.

சுதந்திர நாளான மெர்டேக்கா லீவன்று நடராஜனின் நண்பர் ஜெயபாலன் புக்கிட் பாருவிலிருந்து வந்தார். கம்ப்யூட்டரை விற்றவர் அவர்தான். பெட்டியைக் கழற்றினார், ஊதினார், மூடினார்.

“வைரஸ் இல்ல. தூசியும் இல்ல. என்ன கேடுன்னு தெரியலியே லா.”

திடீரென்று முகப்பில் இருந்த ஒரு சின்னப் பட்டனில் அவர் பார்வை நின்றது. அமுக்கினார். வரிகள் குதித்துக்கொண்டு வந்தன.

“டர்போ பட்டன். யாரோ ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. பாதி வேகத்துலதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு.”

“நான் தொடல,” என்றார் நடராஜன்.

“நானும் தொடல,” என்றாள் பாக்கியலட்சுமி. அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

லீவானாலும் அன்று சாயங்காலம் அஸ்மா வந்தாள். பழகி முடிக்கும்வரை பாக்கியலட்சுமி சமையலறைத் திரைக்குப் பின்னாலேயே நின்றாள். அஸ்மா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். பையை எடுத்தாள். போகிற போக்கில் அவள் விரல் அந்தப் பட்டனை அமுக்கியது.

“கையை எடு.”

சத்தம் கேட்டு நடராஜன் முன்கூடத்திலிருந்து வந்தார்.

“உங்க கெட்டிக்காரி பண்ற வேலையைப் பாருங்க. இவ பழகுறப்ப பறக்கணும். நமக்குன்னா நொண்டணும்.”

“ஏன் அஸ்மா?”

அஸ்மா அவரைப் பார்த்தாள். பிறகு பாக்கியலட்சுமியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள்.

“கை தெரியாமப் பட்டிருச்சு அண்ணே.”

“தினமும் தெரியாமப் படுமா?” என்றாள் பாக்கியலட்சுமி.

அஸ்மா பையைத் தோளில் மாட்டினாள்.

“இனிமே வர வேணாம்,” என்றார் நடராஜன்.

அதை அவர் வாயால் கேட்கத்தான் பாக்கியலட்சுமி இத்தனை நாள் காத்திருந்தாள். அஸ்மாவோடு வாசல் கேட் வரை நடந்தாள், தாழ்ப்பாள் போடுகிற சாக்கில்.

“பரீட்சைக்கு வேற வீடு பார்த்துக்க.”

அஸ்மா குனிந்து செருப்பை மாட்டினாள். நிமிர்ந்தபோது கண்கள் ஈரமாக இருந்தன. வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணன் எதிர்ல சொல்ல வேணாம்னு இருந்தேன் அண்ணி. ஏ, எஸ், டி, எஃப். அந்த எழுத்துங்க மேல மஞ்சள் ஒட்டியிருக்கும். டைப்பிங் படிக்கிறவங்க முதல்ல விரல் வைக்கிற இடம் அது. துடைச்சிட்டுத்தான் தினமும் உட்காருவேன்.”

பாக்கியலட்சுமி விரல்களை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“நீங்க பகல்ல பழகுறீங்கன்னு புரிஞ்சுது. கம்ப்யூட்டர்ல இருக்கிற அந்த எழுத்து விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். எனக்கே கை ஓடல, அவ்ளோ வேகம். அந்தப் பட்டனை அமுக்கினா எல்லாம் மெதுவாகும், மறுபடி அமுக்கினா வேகமாகும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. பகல்ல உங்களுக்குக் கொஞ்சம் மெதுவா விழட்டும்னுதான், போறப்ப அமுக்கிட்டுப் போவேன்.”

உள்ளிருந்து நடராஜனின் குரல் வந்தது. “அவ போயிட்டாளா?”

பாக்கியலட்சுமி அஸ்மாவின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“இல்லீங்க. உள்ள வர்றா.”