பதினோரு தலையசைப்புகள்

கம்பெனி சபையின் புதிய இயக்குநர் பேசி முடித்தபோது, மேசையைச் சுற்றியிருந்த பதினோரு தலைகளும் ஒருசேர அசைந்தன.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே, சிற்றறையில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்த மொழிபெயர்ப்பவளும் பேசி முடித்திருந்தாள். அவருடைய தாய்மொழிதான் அவளுக்கும். அவர் சொல்வதை அந்தச் சபையின் மொழியில் மற்றவர்களின் காதுக்குக் கொண்டுசேர்ப்பது அவள் வேலை.

இன்று அவர் கெஞ்சினார். கம்பெனியின் சுரங்கச் சேற்றைத் தேக்கி நிற்கும் மண்கரை விரிசல் விட்டுவிட்டது. கரைக்குக் கீழே அவர் பிறந்த ஊர். சேறு கொட்டுவதை இன்றே நிறுத்துங்கள் என்றார். அவர் குரல் உடைந்த இடத்தில் அவள் குரலும் உடைந்தது.

தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். ஆவன செய்யப்படும் என்றார்.

பிறகு அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாசற்கூடத்தில் ஏற்கெனவே அவர் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. எங்கள் சபையில் எல்லா நாட்டவரும் உண்டு என்று கம்பெனி மார்தட்டிக்கொள்ள அந்த ஒரு முகம் போதுமாயிருந்தது.

இடைவேளையில் அவர் நேரே சிற்றறைக்கு வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

“ஏம்மா, நான் சொன்னதை அப்படியே சொன்னியா? நாசூக்கு பாத்துப் பூசி மெழுகிடலையே?”

“ஒரு வார்த்தை விடலைங்க ஐயா.”

அது உண்மைதான்.

“போதும்மா. ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை, பாத்தியா? இவங்களைப் போய்க் கல்நெஞ்சுக்காரங்கன்னு திட்டிட்டிருந்தேனே!”

அவள் வாயைத் திறந்தாள். அவர் ஒரு விரலை உயர்த்தி, இரு என்று சைகை காட்டிவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்தார்.

“அக்கா, மேட்டுல காத்துக் கிடந்தது போதும். மாமாவையும் பசங்களையும் கூட்டிக்கிட்டு இறங்கி வீட்டுக்குப் போ. ஆமாங்கறேன்ல! எல்லாரும் காது குடுத்துக் கேட்டாங்க. ஊருக்கே சொல்லிடு.”

பதினோரு பேர் காதிலும் கருவி மாட்டியிருந்தது மெய்தான். அதை இயக்கிக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும், அவள் முன்னிருந்த பலகையில் ஒரு பச்சை விளக்கு எரியும். இன்று அவள் பேசிய நேரம் முழுவதும் ஒரு விளக்குகூட எரியவில்லை. அவர் சபைக்கு வந்த முதல் நாளிலும் எரியவில்லை. பாவம், மனம் நொந்துபோவாரே என்றுதான் அன்று சொல்லாமல் விட்டாள்.

இப்போது சொன்னாள்.

அவர் அதே எண்ணை மறுபடி அழுத்தினார்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு கையால் தலைமேல் மூட்டையையும், மறு கையால் பேரனையும் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.