பல் தெரியக் கூடாது

சிரிக்காதே என்று ஸ்டூடியோ அக்கா கறாராகச் சொன்னதும்தான் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பே வந்தது.

அதற்கப்புறம் நிற்கவில்லை. எடுத்த படத்திலெல்லாம் பல்.

இது விசாவுக்கான போட்டோ. வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது, முகம் வெறுமனே இருக்க வேண்டும். இல்லையென்றால் கவுண்ட்டரிலேயே மொத்த ஃபைலையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போன வாரம் ஒருத்தன் அப்படித்தான் தொங்கிய முகத்தோடு வந்து மறுபடி எடுத்துக்கொண்டு போனான்.

நாளைக் காலையில் இந்தப் பெண்ணுக்கு நேர்காணல். கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளப் போகிறாள். வேலையும் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தருவார்களாம். நாளையை விட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் அங்கே வகுப்பே தொடங்கிவிடும்.

அது அவளுக்கும் தெரியாமல் இல்லை. வந்ததிலிருந்து விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவள்தான். அக்கா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் மட்டும் உதடு துடிக்கிறது, தோள் குலுங்குகிறது, பொத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

ஏன்?

அக்காவுக்கு எதுவானாலும் ஏன், எப்படி என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

பரீட்சையில் ஃபெயிலானதாக நினைத்துக்கொள் என்றாள். யாரோ செத்துப்போனதாக நினைத்துக்கொள் என்றாள். பெண் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, கேமரா ஏறியதும் மறுபடி சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வேணும்னு பண்ணலக்கா என்று பாவமாகச் சொன்னாள்.

அக்கா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

பெஞ்சில் பெண்ணின் அப்பா. பஸ் டிரைவர், வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் தலை வாரிக்கொள்கிற கண்ணாடி ஒன்று உண்டு. அக்கா கேமராவைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மட்டும் கண்ணாடிப் பக்கம் ஓட்டினாள்.

டிரைவர் கன்னத்தை உப்பினார். இரண்டு கருவிழிகளையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தார். காதைப் பிடித்து இழுத்தார். அத்தனையும் சத்தமில்லாமல்.

அட மனுஷா!

அக்காவுக்குச் சுருக்கென்றது. போகாதே என்று மகளிடம் நேரே சொல்ல வாய் வராது, இப்படிக் கமுக்கமாகக் காரியத்தைக் கெடுப்பார்கள். அவள் பார்க்காத அப்பாக்களா? ஒருத்தர் மகளின் சான்றிதழைப் பீரோவுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, தானும் சேர்ந்து வீடெல்லாம் தேடினார்.

பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும், எதிர்க் கடையில் எடுத்து வாருங்கள் என்று வெடுக்கென்று சொன்னாள். டிரைவர் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

கதவு மூடியது. பெண் காலிப் பெஞ்சைப் பார்த்தாள்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லாமலே உதடு ஒட்டிக்கொண்டது. எந்த நாட்டு அதிகாரியும் குறை சொல்ல முடியாத முகம். அக்கா க்ளிக் செய்தாள்.

செய்த கையோடு, கோபம் தீர, பல் தெரிந்த படங்களை ஒன்றுவிடாமல் அழித்தாள்.

டிரைவர் ஜெராக்ஸோடு வந்தார். கம்ப்யூட்டர் திரையில் இருந்த மகளை வெகுநேரம் பார்த்தார். இதற்கு விசா கொடுத்துவிடுவார்கள் இல்லையா என்று கேட்டார். கொடுக்க வேண்டுமே என்ற கவலைதான் அந்தக் குரலில் இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு ஃபைலின் நாடாவைத் திருகிக்கொண்டே, கூச்சத்தோடு ஆரம்பித்தார்.

"அந்தச் சிரிச்ச படத்தையெல்லாம் எனக்குப் பெருசா போட்டுக் குடும்மா. கேமராவைக் கண்டாலே இவ உம்முனு ஆயிடுவா, வீட்ல சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்ல. சிரிக்காதேன்னு சொன்னாத்தான் சிரிப்பான்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது. அதான் நானும் பின்னால இருந்து சேட்டை பண்ணிட்டிருந்தேன்."

அக்கா மவுஸை விட்டுவிட்டு மறுபடி கேமராவை எடுத்தாள். அழித்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"அதெல்லாம் சரியா விழலண்ணே. வேற எடுத்துடலாம். நீங்க அதே இடத்துல உக்காருங்க."

பெண் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிக்காதே என்று அக்கா முன்னைவிடக் கறாராகச் சொன்னாள். பெண் சிரிக்கவில்லை.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். டிரைவர் கன்னத்தை உப்பப் பார்த்தார். முகம் பாதியிலேயே கோணிக்கொண்டது. திரையில் பார்த்த மகளின் முகம் அவரை ஏதோ செய்துவிட்டிருந்தது. ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அப்பா என்று பெண் கூப்பிட்டாள்.

ஃபைல் மெல்ல இறங்கியது.

பெண் கன்னத்தை உப்பினாள். இரண்டு கருவிழிகளையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். காதைப் பிடித்து இழுத்தாள்.

பின்னால் பெஞ்சு குலுங்குகிற சத்தம் கேட்டது. சிரிக்கிறாரா, அழுகிறாரா?

எதையும் தெரிந்துகொள்ளாமல் விடாத அக்கா, இந்த ஒரு தடவை கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லெல்லாம் தெரிந்தது. க்ளிக் செய்தாள்.