ஓரகத்திகளின் எலுமிச்சை

வங்கதேசத்து ஸ்ரீமங்கலில் மழை விட்ட மதியம். தகரக் கூரை இன்னும் சொட்டுகிறது. கொல்லையில் ஆளுக்கொரு எலுமிச்சை மரம் வைத்து, யார் மரத்து வாசனை உசத்தி என்று பல வருஷமாக மல்லுக்கட்டும் ஓரகத்திகள் ஹாஜெராவும் மொமொதாவும் அரிவாள்மணையில் பழம் நறுக்குகிறார்கள். இலைகளைச் சோதித்துவிட்டு வந்திருக்கிற ஆராய்ச்சிக்காரி தஹ்மினா, “ரெண்டுக்கும் மரபணு ஒண்ணுதான் அக்கா, துளி வித்தியாசமில்ல” என்கிறாள். “அப்போ என் மரத்துல பதியன் திருடினது யாரு?” என்று கேட்கிறாள் மூத்தவள் ஹாஜெரா. “திருடணும்னா நல்ல மரமா பார்த்துத் திருடியிருக்க மாட்டேனா?” என்றபடி மொமொதா தஹ்மினாவின் சோற்றில் பருப்பை ஊற்றுகிறாள். தட்டின் இரு ஓரத்திலும் மரத்துக்கொரு துண்டு, ஈரவெயிலில் மினுங்குகிறது. இருவரும் தஹ்மினாவின் வாயையே பார்க்கிறார்கள். அவள் இரண்டையும் சேர்த்து ஒரே சோற்றில் பிழிகிறாள். “ஐயையோ, கெடுத்துட்டியேம்மா!” என்று அலறுகிறார்கள் இருவரும், ஒரே குரலில்.