மூன்றாவது டப்பா

"அக்கா, சத்தியமா நான் வைக்கலை. நம்புங்க அக்கா!"

தலையைக் குனிந்துகொண்டு கெஞ்சிய பீஷியாவுக்கு வயது நாற்பத்தெட்டு. எதிரே முறைத்துக்கொண்டு நின்ற அக்கா யாதிங்குக்கு இருபத்தைந்து. அந்த வார்டில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள்தான் அக்கா, பிறந்த வருஷத்தை எவரும் கேட்பதில்லை.

நர்ஸ்கள் உட்காரும் மேஜைமேல் பேர் ஊர் எதுவும் இல்லாத ஒரு டப்பா திறந்து கிடந்தது. உள்ளே பன்னிரண்டு அன்னாசி கேக்.

தைச்சுங் நகரில் அன்னாசியின் பேரே 'செழிப்பு வருது' என்பதுபோல ஒலிக்கும்; அதனால் இந்த கேக்கைக் கல்யாணத்துக்கும் கொடுப்பார்கள், கடை திறப்புக்கும் கொடுப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வார்டுக்குள் அன்னாசி வந்தால் பின்னாலேயே நோயாளிகளும் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள் என்பது நர்ஸ்களின் பயம். இன்று மதியம் டப்பா வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் சுற்றுலா பஸ் ஒன்று கவிழ்ந்து பதினாலு பேர் வந்து சேர்ந்தார்கள். வராந்தாவில்கூடக் கட்டில் போட வேண்டியதாயிற்று.

"இது மூணாவது டப்பா. மூணும் உங்க ஷிஃப்ட்லதான். நீங்க வைக்கலைன்னா, டப்பாவுக்குக் கால் முளைச்சு மாடி ஏறி வந்துச்சா?" என்றாள் யாதிங். "இருபத்திரெண்டு வருஷம் அன்னாசி கேக் கடை நடத்தின பழக்கம் எங்க போகும்!"

பீஷியாவுக்கு அழுகை முட்டியது. அன்னாசி ஜாம் வாசம் ஒட்டிவிடக் கூடாதே என்று யூனிஃபார்மைக்கூட வீட்டில் துவைக்காமல் வெளியே துவைத்துக்கொண்டிருந்தாள் அவள். இத்தனை நடந்தும் வீட்டில் மூச்சு விடவில்லை. நாம் சுடுகிற கேக்கை இங்கே சனியன் என்கிறார்கள் என்று புருஷனிடம் எப்படிச் சொல்வது? மனசு ஒடிந்துபோவாரே!

பாவம், ஜின்ஃபா. நாற்பத்துநாலு வயதில் அவள் நர்ஸுக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் ஒருவர்தான் "போ, படி. கடையை நான் பார்த்துக்கறேன்" என்றார். இன்றைக்கும் தினம் மதியம் நாலு மாடி ஏறி வந்து, சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரியைக் கொஞ்சம் பார்த்துக்கங்கம்மா" என்று எல்லோரையும் வணங்கிவிட்டுப் போகிறார். "இந்த வயசுலயும் ஜோடிப் புறாதான்" என்று நர்ஸ்கள் கிண்டல் செய்வார்கள்.

நாலு மணிக்குத் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். பீஷியாவின் மூன்று மாதத் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லை பீஷியா. ஆனா உங்ககூட ஷிஃப்ட் பார்க்க மாட்டோம்னு ஆறு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"மேடம், கேக்குக்கும் பஸ் கவிழ்ந்ததுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்தான். எனக்கே பயமா இருக்கேம்மா!"

நாலு வருஷப் படிப்பு, இரண்டாம் தடவை தேறிய பரீட்சை, எல்லாம் ஒரு கையெழுத்தில் முடிந்துபோனது. உடை மாற்றும் அறையில் யாதிங்கைப் பார்த்ததும் பீஷியாவுக்கு ரத்தம் கொதித்தது. சேர்ந்த நாளிலிருந்து குத்திக்காட்டிக்கொண்டே இருந்தவள் இவள். ஒவ்வொரு தடவையும் டப்பாவை முதலில் பார்த்தவளும் இவள்தான்.

"நீங்கதானே வெச்சீங்க? என்னைத் துரத்தியாச்சு. இப்ப சந்தோஷமா?"

யாதிங் திகைத்துப்போனாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வந்தது மூணு டப்பா இல்லை, அஞ்சு. முதல் ரெண்டையும் யார் கண்ணுலயும் படாம நான்தான் குப்பையில போட்டேன். ஏதோ பழக்கத்துல நீங்க கொண்டுவர்றீங்கன்னு நினைச்சேன். எங்கம்மா வயசு உங்களுக்கு. வேலை போயிடக் கூடாதேன்னுதான் யார்கிட்டயும் சொல்லலை. அப்பவும் நிறுத்தலையேன்னுதான் கத்தினேன்."

"அஞ்சா?"

"அஞ்சு. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும். மன்னிச்சுடுங்க... அக்கா."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் செய்திருப்பார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

கீழே வாசலில் ஜின்ஃபா ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பீஷியாவுக்கு மறுபடி அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உலகமே கைவிட்டாலும் இந்த மனுஷன் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

"வேலை போச்சுங்க," என்றாள். டப்பா பேச்சையே எடுக்கவில்லை.

ஏன் என்றுகூட ஜின்ஃபா கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, பட்டையைப் பதமாக இழுத்துப் பூட்டினார்.

"போனா போகுது, அழாதே. நாளையிலருந்து பழையபடி கடைக்கு வந்துடு. நீ இல்லாம எனக்கு அங்க இருப்பே கொள்ளலை," என்றவர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே மேலே நாலாவது மாடியை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு டப்பா கேக்கைப் பார்த்து நடுங்கறவங்கல்லாம் ஒரு நர்ஸா!"