பெத்தவ பேரு

பிச்சை மேசையில் ஓங்கி அடித்ததில் ஜாஸ்பினின் டீ சிந்தியது.

“எம்மகன் இந்தத் தத்து மையத்துலதான் பிள்ளை எடுத்தான். அதைப் பெத்தவ எவ? பேரைச் சொல்லுங்க!”

“சொல்ல முடியாதுங்க.”

“குளத்தூரா, திருவரங்குளமா? ஊரையாச்சும் சொல்லும்மா!”

“அதுவும் முடியாது.”

“எவனையோ நம்பி ஏமாந்த சிறுக்கிக்கு இம்புட்டுக் காவலா?” அதைச் சொல்லும்போது அவர் குரலே நடுங்கியது. அவ்வளவு ஆத்திரம்!

ஜாஸ்பின் கொதித்து எழுந்தாள். “வாயை அடக்குங்க! பேர் தெரிஞ்சா அவ வாசல்ல போய் நின்னு இப்படித்தானே அசிங்கப்படுத்துவீங்க? நாளைக்கு அவ ஒங்க வாசலுக்கு வந்தா ஒங்க மகனுக்கு நிம்மதி இருக்குமா? நடுவுல அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? எந்தப் பெரிய ஆளைக் கூட்டிட்டு வந்தாலும் என் வாயிலேர்ந்து ஒரு எழுத்து வராது. வெளிய போங்க!”

பிச்சை வெளியேறினார்.

கோபம் அடங்காமல் ஜன்னலைச் சாத்தப் போன ஜாஸ்பின் அப்படியே நின்றாள். வாசலில் நின்ற ஆட்டோவுக்குள், கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்த இளம்பெண்ணிடம் பிச்சை குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

“பயப்படாம உள்ள வா தாயி. எவன் வந்து கேட்டாலும் ஒம்பேரு வெளிய வராது. அப்பா கத்திப் பாத்துட்டேன்.”