கிடாவின் வெளிநடப்பு

ஓடைத் தண்ணீர் இனி நரிகளுக்கு மட்டும் என்று காட்டுச் சட்டசபையில் நரி அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கிடா எழுந்து அரசைக் கிழி கிழியென்று கிழித்தார். முதலமைச்சர் நரி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. வெட்கம்தான் என்று கிடாவுக்குத் தாடி சிலிர்த்தது. "வெளிநடப்பு செய்கிறோம்!" என்று தன் பன்னிரண்டு ஆடுகளோடும் வெளியேறினார்.

வாசலில் அவர் கிளிகளுக்குப் பேட்டி கொடுத்து முடித்ததும் காவலாளி ஆமை காதோரம் வந்தது.

"தலைவரே, நரிங்கள்ல பாதிப் பேர் இன்னிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. உள்ளே ஏழே பேர்தான். முதலமைச்சர் குனிஞ்சு விரல்விட்டு ஆள் எண்ணிக்கிட்டிருந்தாரு. நீங்க இருந்து ஓட்டுப் போட்டிருந்தா மசோதா தோத்திருக்கும்."

உள்ளே கைதட்டல் கேட்டது. மசோதா ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

"அதை விடு, என் பேச்சு எப்படி?" என்றார் கிடா. "தொண்டை காஞ்சுபோச்சு. ஓடையில கொஞ்சம் தண்ணி மொண்டு வா."

"இனிமே அதுக்கு நரிகிட்டதான் கேக்கணும், தலைவரே" என்றது ஆமை.