டெரிக்கின் அலமாரி

புதைபடிவத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நெவில் அதைக் குளியல்தொட்டியில் வினிகரில் ஊறப்போட்டார். அழுக்கோடு சேர்ந்து படிவமும் கரைந்துபோனது, தொட்டியின் பளபளப்பும்தான்.

"ஷெட்டு முழுக்கக் கல்லக் குவிச்சது பத்தாதா?" என்று எகிறினாள் மனைவி மாவிஸ்.

நெவிலுக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் பக்கத்து வீட்டு டெரிக். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் இருபது வருடமாகப் படிவம் தேடிக் குனிந்து நடப்பவர் இவர். போன வருடம்தான் சுத்தியல் வாங்கியவன் அவன். அவன் அலமாரியிலோ நாற்பது சுருள்சிப்பிப் படிவங்கள் மின்னின!

வயிறு எரிய, மானத்தை விட்டுக் கேட்டார் நெவில்: "எந்தப் பாறைப் பக்கம்பா பொறுக்குற? மறைக்காமச் சொல்லு."

டெரிக் நெளிந்தான்.

"நான் கடற்கரைக்கே போனதில்லைங்க. நீங்க அங்க கிளம்பினதும், 'வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்'னு அட்டை எழுதி, மாவிஸ் உங்க வாசல்ல ஷெட்டுலேர்ந்து ஒரு வாளி கல்லு வைப்பாங்க. நான் உடைச்சுப் பாக்குறேன், அவ்வளவுதான்."